கூப்பிடும் பொத்தான்

ஒலிப்பதிவு அறையில் மின்விசிறி போட முடியாது, மேடம். அதன் முனகல் மைக்கில் ஏறிவிடும். ஏசியையும் அணைத்துவிடுவோம். புதிதாக வருகிறவர்கள் அரை மணி நேரத்திலேயே வேர்த்து விறுவிறுத்துப் போய், இது வேலையா தண்டனையா என்று கேட்பார்கள். என் தங்கை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, "அண்ணா, நான் வெந்தாச்சு, இறக்கிடலாமா?" என்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் சிரித்துவிடுவார்.

அதே ஒலிப்பதிவாளர்தான் இப்போது நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, விசாரிக்க உங்களை வரவழைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

நான் வீடியோ கேம்களுக்கு வசனம் எழுதுகிறவன். நடிக்கிறவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வதும் என் பொறுப்புதான். எங்கள் ஆட்டத்தின் நாயகன் ஒரு போர்வீரன். அவனை அக்கரையில் கொண்டுபோய் விட ஒரு படகுக்காரி வருவாள். அவளுக்கு மொத்தமே பதினோரு வசனம். நடிகர்கள் வரும் வரைக்கும், ஒப்புக்கு யாரையாவது படிக்க வைத்து வசனத்தை ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். படகுக்காரிக்கு என் தங்கை படித்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் ஃபோன் எடுக்கிற வேலை அவளுக்கு. மதியம் சாப்பிடுகிற நேரத்தில் வந்து, பத்து நிமிடத்தில் படித்துவிட்டுப் போனாள். பிறகு நடிகையைத் தேட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒப்புக்குப் படித்ததே ஆட்டத்தில் போய்விட்டது.

ஆட்டம் வெளிவந்ததும் போர்வீரனை யாரும் சீந்தவில்லை. படகுக்காரியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "ஏறிக்கோ, ஆனா ஆட்டாதே" என்று அவள் அலுத்துக்கொள்வதைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்பக் கரைக்கு வந்தார்கள். அவளை வைத்து ஒரு முழுக் கதை வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். நிறுவனமும் ஒத்துக்கொண்டது. பழைய ஆட்டத்தோடு சேர்த்து ஆட, எட்டு மணி நேரத்துக்கு ஒரு எக்ஸ்பான்ஷன். அதற்குப் படகுக்காரிதான் நாயகி. பதினைந்து வருடத்தில் எனக்கென்று கிடைத்த முதல் கதை அது.

கதை சின்னதுதான். வெள்ளத்தில் படகுக்காரியின் மகள் காணாமல் போகிறாள். தாய் ஆற்றோடு தேடிக்கொண்டே போகிறாள். சண்டை கிடையாது, ஆயுதம் கிடையாது. ஆடுகிறவர் கையில் ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அவள் 'கண்ணு' என்று கூப்பிடுவாள். என் தங்கை தன் ஐந்து வயது மகளை அப்படித்தான் கூப்பிடுவாள், அதையே வைத்துக்கொண்டேன். ஒரே கூப்பாட்டை மறுபடி மறுபடி கேட்டால் சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருக்கும். அதனால் முந்நூறு கூப்பாடு பதிவு செய்யத் திட்டம் போட்டேன். போகப் போகக் குரல் கம்ம வேண்டும். கடைசியில் மகள் தூரத்தில் தெரியும்போது, கூப்பிடத் தாய்க்குக் குரல் இருக்கக் கூடாது.

எங்கள் தொழிலில் கத்தல், அலறல் எல்லாவற்றையும் பதிவின் கடைசி நாளுக்கு ஒதுக்கிவிடுவோம். கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும், மறுநாள் வசனம் பேச வராது. நான் அதைத் திருப்பிப் போட்டேன். முதலில் கூப்பாடுகள், பிறகு வசனம். ஒலிப்பதிவாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "சார், மாத்தி அடிச்சிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவள் நடிகை இல்லை, மேடம். நடிக்கத் தெரியாதவளிடம் உடைந்த குரலை நடித்துக் காட்டு என்பது கொடுமை. குரலே உடைந்துவிட்டால் வெறுமனே படித்தால் போதும். பார்க்கப்போனால் அவள் பாரத்தைக் குறைத்தேன்.

மூன்றாம் நாள், இருநூற்று ஆறாவது கூப்பாட்டில் குரல் சட்டென்று இரண்டாகப் பிரிந்தது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். நான் அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது.

அவளைத் தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். அவளைப் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், படிவத்தில் என் ஃபோன் நம்பரை எழுதினேன். அப்போது என் மனதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் டாக்டர் கூப்பிட்டார். குரல் நாணில் ரத்தம் கசிந்திருக்கிறது, ஆறு வாரம் வாயைத் திறக்கவே கூடாது, பேசாமல் இருந்தால் முழுசாகச் சரியாகிவிடும், இந்த நிலைமையில் கத்தினால் தழும்பாகி நின்றுவிடும் என்றார். "புரிஞ்சுதுங்களா? மறக்காம அவங்ககிட்ட சொல்லிடுங்க," என்றார். புரிந்தது என்றேன். நீங்கள் கண்டுபிடித்த அந்த ஆறு நிமிட அழைப்பு இதுதான்.

வெளியீட்டுத் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டிருந்தால் தள்ளியிருப்பார்கள். என் சிக்கல் அதுவல்ல. ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் இல்லையா, அதுதான் சிக்கல். இன்னும் தொண்ணூற்று நான்கு கூப்பாடு பாக்கி இருந்தது. சரியான குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவள் வீட்டுக்குப் போனேன். மகளுடைய சிலேட்டை எடுத்து, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதிக் கேட்டாள். "வெறும் வறட்சியாம். ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்தா போதுமாம். ஆனா உன்னால அது முடியுமான்னு அவருக்கே சந்தேகம்," என்றேன். தோள் குலுங்கச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். சின்ன வயதிலிருந்து அவளுக்கு எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டவன் நான். அண்ணன் சொன்னால் அதற்கு மேல் கேட்க மாட்டாள்.

இரண்டு நாள் கழித்து, மீதித் தொண்ணூற்று நான்கையும் ஒரே மூச்சில் எடுத்தோம். நடுவில் ஒலிப்பதிவாளர் கையைப் பிசைந்துகொண்டு, "சார், எனக்கு என்னவோ சரியாப் படல. டாக்டர் சரின்னுட்டாரா?" என்றார். "நான்தானே பேசினேன்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. முந்நூறாவதில் வெறும் காற்றுதான் வந்தது. அவள் கண்ணாடி வழியாகப் பார்த்து, நல்லா வந்துச்சா என்று புருவத்தால் கேட்டாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

வசனத்தை எல்லாம் அந்தக் காற்றுக் குரலிலேயே படித்து முடித்தாள். எக்ஸ்பான்ஷன் நன்றாகப் போனது. கடைசிக் காட்சியில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து, கூப்பாடு வராமல், எழுந்து போய் அழுதோம் என்று எழுதினார்கள். பல் மருத்துவமனையில் தங்கையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குரல் திரும்பவில்லை என்றதும் அவளை மறுபடி அழைத்துப் போனேன், இந்த முறை வேறு டாக்டரிடம். வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து சிலேட்டை எடுத்தாள். "அந்த ரெண்டு நாள்ல ஒரு தடவை கத்திட்டேன் அண்ணா. கண்ணு கொதிக்கிற பால்கிட்ட போயிட்டா. அதனாலதான் இப்படி ஆச்சு" என்று எழுதியிருந்தாள். இருக்கலாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது கிடைத்துவிட்டது.

இப்போது அவள் மகளைக் கைதட்டித்தான் கூப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவார்கள். குழந்தைக்கு ஆட்டத்தைப் போட்டுக் கொடுப்பேன். அது பொத்தானை அழுத்தும், கண்ணு என்று அம்மாவின் குரல் கேட்கும், இங்கதான்மா இருக்கேன் என்று டிவியைப் பார்த்துப் பதில் சொல்லும். தங்கை ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். எத்தனை பேருக்குத் தன் குரல் இப்படிப் பத்திரமாக இருக்கிறது, சொல்லுங்கள்.

படகுக்காரிக்கு இன்னொரு பாகம் எடுக்க அனுமதி வந்திருக்கிறது. இதில் அவளுக்குப் பேச்சே இல்லை, மூச்சு மட்டும்தான். மலையேறும்போது இரைக்க வேண்டும், அடிபட்டால் வலியில் முனக வேண்டும். அந்த இரண்டாவது டாக்டர் போன மாதம் எனக்கு ஃபோன் செய்தார். தழும்பை அறுத்து எடுத்துப் பார்க்கலாம், பாதிக் குரலாவது வர வாய்ப்பு இருக்கிறது, அதுவரைக்கும் தொண்டையை வருத்தக் கூடாது என்றார். அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் செய்தது நான்தான். யாரும் தூண்டவில்லை, தெரிந்தே செய்தேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுத் தருகிறேன். ஒரு விஷயம் மட்டும், மேடம். இதை என் தங்கையிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு காட்டுங்கள். அதுவரை அவளுக்குப் பதிவு இருக்கிறது.