நாளைக்கு சர்வர் பந்த்

சிஞ்ச்வடில் வியாழக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆலைகளுக்கு வார விடுமுறை அன்றுதான். காலையில் துணி துவைத்து, மீன் வாங்கி, மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஐந்து மணி. ஐந்திலிருந்து ஆறு வரை நானும் என் மகளும் விளையாடுவோம். என் வாரத்தில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அந்த ஒரு மணி நேரம்தான்.

தர்மாம்பாள் மேடம், இதை நீங்கள் மராத்தியில் எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்றார்கள். தமிழில் எழுத அனுமதித்ததற்கு நன்றி. நான் பாலசுப்ரமணியன், வயது நாற்பத்தேழு. கார் பாகங்கள் செய்யும் ஆலையில் பராமரிப்பு சூப்பர்வைசர். எந்த எந்திரம் எத்தனை மணிக்கு நின்றது, எதனால் நின்றது, யாரால் நின்றது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதைச் சரியாகச் செய்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் ஆத்திரக்காரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சுஷ்மா போன வருடம் எங்கள் மகள் ப்ரீதியைக் கூட்டிக்கொண்டு வானவடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய தோள்பட்டை மூட்டு இறங்கியது ஒரு காரணம் என்று அவள் வக்கீல் எழுதியிருந்தார். தோள்பட்டை இழுத்ததால் மட்டும் இறங்காது. எதிர்ப்பக்கம் திமிறினால்தான் இறங்கும். அதை யாரும் எழுதவில்லை. கடைசியில் வக்கீல்கள் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். நான் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது, போன் செய்யக்கூடாது. வியாழன்தோறும் ஒரு மணி நேரம் ப்ரீதி என்னுடன் கேமில் இருப்பாள். இரண்டு வீட்டுக்கும் டிவியில் மாட்டி விளையாடும் ஒரே மாதிரி கன்சோல் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் தவறினால், ஏன் தவறியது என்று நேரில் வந்து கேட்பேன். சுஷ்மா அதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். இரண்டு தடவை கோணலாக வந்து மறுபடி போட்டாள், தோள்பட்டையால் இருக்கலாம்.

அது நகரம் கட்டும் விளையாட்டு. ஆறு, பாலம், வீடு எல்லாம் இருவரும் சேர்ந்து கட்டலாம். ஒரே கோளாறு, அதற்கு இன்டர்நெட் இருந்துகொண்டே இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கேம் தட்டு என் கையில் இருக்கிறது, கன்சோல் பெட்டி என் வீட்டில் இருக்கிறது, கரண்ட் பில் நான் கட்டுகிறேன். ஆனால் கண்காணாத நாட்டில் எவனுடைய சர்வரோ படுத்துவிட்டால் இங்கே என் டிவியில் ஊரே அணைந்துவிடும். எங்கள் ஆலையில் இப்படி ஒரு கடைசல் எந்திரத்தை யாராவது விற்க வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்போம்.

ஆகவே பதிவேடு வைத்தேன். இருபத்திரண்டு வியாழன். ஏழு தடவை நின்றது. இரண்டு தடவை கம்பெனியே பராமரிப்பு என்று அறிவித்திருந்தது. ஒரு தடவை தவறு என் வீட்டு லைனில். அதைப் பார்க்க வந்த கேபிள்காரர் எல்லாவற்றுக்கும் ‘சர்வர் பிராப்ளம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையை மீட்டர் பெட்டிக்குள் வைத்திருந்தபோது இரும்புக் கதவைச் சாத்தி, என் எடை முழுவதையும் அதன்மேல் கொடுத்து, மூல காரணம் என்ன என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கனெக்டர் துருப்பிடித்திருந்தது. அவரும் புகார் கொடுக்கவில்லை. அதன் பிறகு என் பக்கம் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை.

மிச்சம் நான்கு. நான்கும் வானவடிப் பக்கம். அதில் மூன்று தடவை பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

ப்ரீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் பேசினாள். ‘சரிப்பா’, ‘ஆமாப்பா’, அவ்வளவுதான். வீடு கட்டச் சொன்னால் கட்டாமல் நின்றுகொண்டே இருப்பாள். ஒரு தடவை மைக்கில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியில் கண்டதையும் தின்றிருப்பாள். மூன்றாவது வாரம் மைக் ரிப்பேர் என்று எழுதினாள். அதன் பிறகு எல்லாம் எழுத்தில்தான், ஆங்கில எழுத்தில் தமிழ். அதிலிருந்து குழந்தை மாறிப்போனாள். எவ்வளவு பொறுமை. நான் ஒரு தூணை மூன்று தடவை இடித்துக் கட்டச் சொன்னால் மூன்று தடவையும் கட்டினாள். ‘அப்பா, இன்னைக்கு சாப்டீங்களா’ என்று கேட்டாள். ஒரு நாள் என் பாலம் ஆற்றில் விழுந்தபோது ‘ஹாஹா, பரவால்ல அப்பா, பழகிடும்’ என்று எழுதினாள். பதிமூன்று வருடத்தில் அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழன் அவள் வரவில்லை. ஆறு மணி வரை ஆற்றங்கரையில் தனியாக நின்றேன். சுஷ்மாவுக்குப் போன் செய்யக்கூடாதுதான், செய்தேன்.

“சர்வர் போனா நான் என்னங்க பண்றது? தயவுசெஞ்சு இங்க வந்துடாதீங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வருவா. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அடுத்த வாரம் வரை ஒத்திப்போட நான் என்ன ஊருக்கு இளைத்தவனா? சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஈடுகட்ட வேண்டும் என்று ப்ரீதிக்குக் கேமிலேயே எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை பதில் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். ‘ஓகே அப்பா. சாரி. நாளைக்கு சர்வர் பந்த். ராகவேந்திரா அங்கிள் லைன் பாக்குறாங்க.’

இந்த இடத்தைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும், மேடம். பந்த் என்றால் இங்கே நின்றுபோவது, அது உங்களுக்கே தெரியும். மராத்தியில் நேற்றுக்கு ஒரு சொல், நாளைக்கு ஒரு சொல் இருக்கிறது. இந்தியில் இரண்டுக்கும் ‘கல்’ என்ற ஒரே சொல்தான். அதனால் இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழிலும் இரண்டையும் குழப்புவார்கள். ப்ரீதியும் சின்ன வயதில் ‘நாளைக்கு டீச்சர் லீவு போட்டாங்க’ என்றுதான் சொல்வாள். நேற்று எது, நாளை எது என்று தெரியாத பிள்ளை எதற்கு உருப்படும்? ஒவ்வொரு தடவையும் ஸ்டீல் ஸ்கேலால் விரலில் ஒன்று வைப்பேன். ஒன்பது வயதில் ஒரு நாள் ஸ்கேலின் விளிம்பு பட்டு சுண்டுவிரல் முறிந்துவிட்டது. மூன்று வாரம் மாவுக்கட்டு. அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைகூட அவள் அதைத் தவறாகச் சொன்னதில்லை.

ஆகவே அவள் நாளைக்கு என்று எழுதினால் அது நாளைக்குத்தான். சனிக்கிழமை சர்வர் நிற்கப்போகிறது என்று வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழுது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது ஷட்டவுன். ஷட்டவுன் என்றால் அதைத் திட்டமிட்ட ஆள் ஒருவன் இருப்பான். பெயரையும் குழந்தை எழுதியிருந்தாள். வர ஆசைப்படுகிறாள், ஒருவன் வரவிடாமல் தடுக்கிறான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை அரை நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். கருவிப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு பழைய ஹைவே வழியாகப் போனேன். கசார்வாடியில் டீ குடித்தேன். சுஷ்மா இருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் வாசலில் வாட்ச்மேன் “கஹா ஜானா ஹை?” என்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். “கேபிள்” என்றேன். பையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவர்மேல் தவறில்லை, தயவுசெய்து அவரை வேலையிலிருந்து எடுக்க வேண்டாம்.

மூன்றாவது மாடியில் சுஷ்மாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. நடுவே சுவரில் கேபிள் பெட்டி. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று ஒருவன் அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும், கண்ணாடி, அரை டிராயர். கையில் நீல வயர். அந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். அந்த எதிர்வீட்டுக்குள், அவன் வீட்டுக்குள் போனது. என் மகளின் லைனை அவன் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“ராகவேந்திராவா?” என்று கேட்டேன்.

திரும்பினான். என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. நாங்கள் அதற்கு முன் சந்தித்ததில்லை, போட்டோவில் பார்த்திருப்பான். முகம் வெளுத்தது. ஆனால் சிரித்தான்.

“அங்கிள், நாளன்னைக்கு பந்த் ஆச்சு. இன்னைக்கு பக்கா. செகண்ட் லைன் போடுறேன், இனிமே நிக்காது. நீங்க வீட்டுக்குப் போங்க, பதினொன்னுக்கு ப்ரீதி வரும், ப்ராமிஸ்.”

நாளன்னைக்கு பந்த் ஆச்சு என்றான். முந்தாநாளைச் சொல்கிறான். இந்தியில் அதற்கும் இதே கதைதான், முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் ஒரே சொல். தெலுங்கோ கன்னடமோ, வீட்டில் அரைகுறைத் தமிழ் பேசி வளர்ந்தவன் போல. அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அமைதியானது. என் குழந்தையின் தமிழைக் கெடுப்பவன் இவன்தான் என்று புரிந்தது.

“ப்ரீதி அனுப்பற மெசேஜ்ல இருக்கிற தமிழ் யாரோடது?” என்று கேட்டேன்.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. சுஷ்மாவின் கதவை ஒரு தடவை பார்த்தான்.

“நான்தான் அங்கிள். எல்லாம் நான்தான். ப்ரீதியை ஒண்ணும் சொல்லாதீங்க. அது சின்னப் பொண்ணு” என்றான்.

அவனே ஒப்புக்கொண்டான். அதற்காக அவனை மதிக்கிறேன். எங்கள் ஆலையில் இத்தனை வருடத்தில் தவறை உடனே ஒப்புக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

பையில் முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. முதல் அடி முழங்காலில்; ஸ்டூலிலிருந்து அவனை இறக்குவதற்காக. விழும்போதும் வயரை விடவில்லை. இரண்டாவது காதுக்கு மேலே. எலும்பு உள்ளே போவது கைப்பிடியில் தெரியும், நட்டு இறுகி நிற்பது தெரிவது போலவே. மூன்றாவது அடிக்கு முன்னால் கையைத் தூக்கி ஏதோ சொன்னான், ‘அப்பா’ என்பது போலக் கேட்டது. வலியில் எல்லாரும் அம்மா, அப்பா என்பார்கள். மூன்றாவது அந்தக் கையையும் சேர்த்தே இறங்கியது. அதற்குப் பிறகு அசைவில்லை. நான்காவது, ஐந்தாவது தேவையில்லாதவை. அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிச் சில்லுகளை மட்டும் காலால் ஓரமாக ஒதுக்கினேன். செருப்பில்லாமல் ப்ரீதி வெளியே வந்தால் குத்தும்.

சுஷ்மாவின் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. நான் தட்டவில்லை. உள்ளே போகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. அவன் விரல்களிலிருந்து வயரை எடுத்தேன். ஒரு விரலைப் பின்னால் மடக்க வேண்டியிருந்தது. கனெக்டரில் இருந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்து, பெட்டிக்குள் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. வயரைப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டி, பெட்டியை மூடிவிட்டு இறங்கினேன். வாட்ச்மேன் “ஹோ கயா?” என்றார். ஆகிவிட்டது என்றேன்.

இன்ஸ்பெக்டர் சொல்கிற கதையையும் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். ப்ரீதிக்கு நான் வாங்கிக் கொடுத்த கன்சோல் ராகவேந்திராவின் வீட்டு டிவியில் மாட்டியிருந்ததாம். மூன்றாவது வாரத்திலிருந்து அவன்தான் அவள் பெயரில் விளையாடினானாம். குழந்தை என் குரல் கேட்டாலே வாந்தி எடுத்ததாகவும், ஒரு மணி நேரம் தவறினால் நான் வந்துவிடுவேன் என்று தாயும் மகளும் அழுததாகவும், அதைப் பார்த்துவிட்டு அவன் ‘என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்’ என்று வாங்கிக்கொண்டதாகவும் சுஷ்மா சொல்லியிருக்கிறாள். அன்று போட்ட புது லைன்கூட, வியாழக்கிழமை அவன் வீட்டு நெட் போனதால் என்னுடன் விளையாடுவதற்காகவே போட்டதாம். ப்ரீதியும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். காட்டினார்கள். அதில் நேற்று, முந்தாநாள் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

இதை நான் நம்பவில்லை. ஐந்து மாதம் வாரம் தவறாமல் என்னுடன் பாலம் கட்டியது யார் என்று எனக்குத் தெரியாதா? சாப்பிட்டீங்களா என்று முன்பின் தெரியாத ஒருவன் எதற்குக் கேட்கப்போகிறான்? பெற்ற மகளைத் தவிர வேறு யாருக்கு என்மேல் அவ்வளவு பொறுமை இருக்கும்?

அன்று பன்னிரண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கையைக் கழுவிக்கொண்டு கன்சோலைப் போட்டேன். போலீஸ் வந்தது மூன்று மணிக்கு. அதுவரை சர்வர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். ஆற்றங்கரையில் நின்றேன். ‘அப்பா வந்துட்டேன்’ என்று நாலு தடவை எழுதினேன். ப்ரீதி வரவில்லை.

ராகவேந்திராவை நான்தான் கொன்றேன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த லைனை என் கையாலேயே சரிசெய்துவிட்டு வந்தேன், பச்சை விளக்கையும் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகும் குழந்தை வரவில்லை என்றால் வேறு யாரோ தடுத்திருக்கிறார்கள். அது யாரென்று விசாரித்து எனக்குப் பெயரைச் சொல்லுங்கள், மேடம்.