எல்ஸ்பெத் காவல் இருந்த ஆறு வாரம்

டிசம்பர் மாதம். மாலை நான்கரை மணி. அபர்டீனில் அந்நேரத்துக்கே கும்மிருட்டு. கடலிலிருந்து மூடுபனி வேறு... கல் பாவிய சந்தில் ஈ காக்கை இல்லை.

அந்தச் சந்தில்தான் பன்னிரண்டு பேரை அழைத்துப் போனான் ஸ்ட்ருவான். நம் தோழி மோராக்கின் அண்ணன்தான். அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் ஊரைச் சுற்றிக் காட்டுவது அவன் வேலை. அவனுக்கு வாய் மட்டும் காது வரை.

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். அங்கே ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக் கூண்டு, ஒரு பக்கம் தூக்கி, கல் முட்டுக்கொடுத்து நிற்கும். அந்தக் காலத்தில் மருத்துவம் படிக்கிறவர்கள் அறுத்துப் பார்க்கப் பிணம் திருடுவார்கள். அதற்குப் பயந்து, புதைத்த இடத்தின்மேல் கூண்டு வைத்தார்கள். எல்ஸ்பெத் என்ற விதவை, மகனின் குழியருகே ஆறு வாரம் ராப்பகலாகக் காவல் இருந்தாள். உடம்பு அழுகிவிட்டால் திருடன் வரமாட்டான் இல்லையா?

இதைச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விட்டது. அதனால் ஸ்ட்ருவான் கதையை மாற்றினான். "பெத்த புள்ளையவே ஒரு புட்டி விஸ்கிக்கு வித்துட்டா பாவி!" எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

அன்றும் சொன்னான். சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

"அதுக்குள்ள படுத்தா எப்படி இருக்கும், ராசா? படுத்துக் காட்டேன்."

ஈரக் கம்பளி வாடை... மீனெண்ணெய் விளக்கின் புகை. ஸ்ட்ருவான் தலைகளை எண்ணினான். பதின்மூன்று.

"என்ன தம்பி, வாய்தான் வீரமா?" என்று சீண்டினார் ஒரு பையனின் அப்பா.

விடுவானா? படுத்தான். கல் நகர்ந்தது. கிர்ர்ர்... டங்!

அவன்மேல் விழுந்த கூண்டை எல்லோரும் சேர்ந்து தூக்கினார்கள். அசையவில்லை. ஆள் கூட்டிவர ஓடினார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. கூண்டருகே உட்கார்ந்து பின்னல் ஊசிகளை எடுத்தாள். டிக்... டிக்...

"பயப்படாதடா கண்ணு. உன்ன யாரும் திருட மாட்டாங்க. ஆறு வாரம் நான் பாத்துக்கறேன்."

"அம்மா, தெரியாம சொல்லிட்டேன்!"

"தெரிஞ்சுதான் சொன்ன."

தீயணைப்பு ஆட்கள் வந்து தூக்கியபோது அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. நடந்தே வீட்டுக்குப் போனான்.

மறுவாரம் நாற்றம் தொடங்கியது. குளித்தும் போகவில்லை. விரல்நுனி கறுத்தது, பிறகு கை... டாக்டர்கள் முழிக்கிறார்கள். அவனோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அவ விக்கல, காவல்தான் இருந்தா" என்று கதறுகிறான். கட்டிலருகே ராப்பகலாக டிக்... டிக்... கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

இன்றோடு ஆறு வாரம். சற்றுமுன் மோராக் அழுதுகொண்டே போனில் பேசினாள்.

ஊசிச் சத்தம் நின்றுவிட்டதாம்.