வடிவுக்கு நானே சீவிக்கிடுதேன்

வேண்டாம் சிஸ்டரம்மா, சீப்பை இங்க தாங்க. வடிவுக்குத் தலைய நானே சீவிக்கிடுதேன். பெத்தவ பக்கத்துல இருக்கும்போ நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? உறங்கட்டும். மூக்குல ரத்தம் இப்பத்தான் நின்னிருக்கு.

காப்பியா? அங்க வச்சிருங்க, பொறவு குடிக்கேன். பயமா இருக்கு சிஸ்டரம்மா.

காலையில டாக்டரு சொன்னப்போ நீங்களும் நின்னிய இல்லியா? பிள்ளைக்க நெஞ்செலும்புல ஊசி குத்தி, உள்ள இருக்க மஜ்ஜைய உறிஞ்சிப் பாத்தாராம். ரத்தம் அங்கதான் முளைக்குமாமே, நமக்கு எங்க தெரியும்? நாங்க வயக்காட்டு ஆளுவன்னு அதுக்குத் தக்கன சொன்னாரு. விதை மட்டும் இருந்தாப் போராது, சுத்தி இருக்க மஜ்ஜைதான் நாற்றங்கால் சேறு மாதிரி அதப் பிடிச்சு, ஊட்டி வளக்கணுமாம். வடிவுக்கு அந்தச் சேறே காஞ்சு போச்சுன்னாரு. எங்க அண்ணன் குடுத்த ரத்தம் பத்து நாள் நின்னுதா? வெடிச்ச வயல்ல நட்ட நாத்து நிக்குமா, சொல்லுங்க.

பொறவு கேட்டாரே, விஷ மருந்து, பொடி ஏதும் பிள்ள மேல பட்டுதா, நல்லா ஓர்த்துச் சொல்லுங்க, அத நிறுத்தினா ஒருவேள சேறு திரும்ப ஈரம் பிடிக்கும்னு. நான் ஒண்ணும் இல்லேன்னேன். இவளுக்க அப்பா பக்கத்துல நின்னாவ. எப்படிச் சொல்ல?

விதைநெல்லுல பூச்சி விழாம இருக்க அவிய ஒரு வெள்ளப்பொடி வாங்கிப் பரண்ல வச்சிருந்தாவ. தொட்டா கைய முறிப்பேன்னு சொல்லித்தான் வச்சாவ. கிளாரா டீச்சரு, வடிவு தலையில பேனுன்னு பிள்ளையத் தனி பெஞ்சில இருத்திட்டா. அழுதுகிட்டு வந்தா. மனசு கேக்கல. அந்தப் பொடியில ஒரு நுள்ளு எடுத்துத் தலையில போட்டேன். மறுநாள் ஒரு பேன் இல்ல. வடிவு சிரிச்சுகிட்டுப் பள்ளிக்கூடம் போனா. பொறவு வெள்ளிக்கிழமை தோறும், நல்லா உள்ள எறங்கட்டும்னு எண்ணெயில குழைச்சுத் தேச்சேன். ஏழு மாசம்.

ஏன் எந்திரிக்கிய? டாக்டரக் கூப்பிடவா? கூப்பிடுங்க. அவிய அடிச்சா அடிக்கட்டும், பிள்ள பிழைச்சாப் போதும்.

போறதுக்கு முன்ன கைய சோப்பு போட்டுக் கழுவிக்கிடுங்க, பின்னலத் தொட்டியளே. முந்தாநேத்து இந்தக் கட்டில்ல வச்சும் தேச்சேன்.