ஏழாவது குரல்

காலுறை இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள் என்று சொன்னால் பத்தில் நான்கு பேர் ஒன்றுதான் எடுத்து வருவார்கள். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். மழை பெய்யாது என்று யாரோ சத்தியம் செய்து கொடுத்த மாதிரி வந்து நிற்பார்கள். அதனால் என் பையில் எப்போதும் கூடுதலாக மூன்று ஜோடி இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேடம், நான் ஏனோதானோ என்று வேலை செய்கிற ஆள் இல்லை. அது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் சங்கம் விடுமுறை நாட்களில் மாணவர்களை வயல்வெளி நடைக்குக் கூட்டிப் போகிறது. மலையெல்லாம் கிடையாது. வாய்க்கால் கரை, மேய்ச்சல் நிலம், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த நாணல், அவ்வளவுதான். தட்டையான நிலத்தில் என்ன ஆகிவிடும் என்று எல்லோரும் கேட்பார்கள். மலையில் மேலே, கீழே என்றாவது இரண்டு திசை உண்டு. சமவெளியில் அதுவும் இல்லை. கூட்டிப் போகிற லீடர்கள் தாமாக முன்வருகிற இளைஞர்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்ட நேரம் போக, அவர்களுக்கு வகுப்பெடுப்பது நான்தான். கடைசியில் ஒரு நடையில் சோதித்து, தேர்ச்சி அல்லது தேர்ச்சி இல்லை என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

மாடு தாண்டாமலிருக்க வழி நெடுகிலும் மரப்படல்கள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படலிலும் எண்ணிக்கை எடுக்க வேண்டும். நடப்பவர்களுக்கு ஆளுக்கொரு எண். லீடர் முன்னால் நின்று கேட்பார். ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் கொடுப்பார்கள். கடைசியில் வருகிறவர் 'வால்' என்று சொல்லிப் படலைச் சாத்துவார். இது நான் கொண்டுவந்த முறை. சோதனை நடையில் வாலாக நான் வருவேன்.

சோதனையில் ஒருவரை வேண்டுமென்றே தொலைப்போம். எனக்கு முன்னால் நடப்பவர் நான் தோளைத் தொட்டதும் நாணலுக்குள் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். போன் பேசிக் காட்டிக் கொடுக்காமலிருக்கத் தன் பையை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். கழுத்தில் விசில் மட்டும் இருக்கும். அடுத்த படலில் அவருடைய எண்ணுக்குக் குரல் வராது. லீடர் குழுவை நிறுத்திவிட்டு வந்து தேடுவார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

தொலைகிற ஆள் எப்போதும் என் மச்சினன்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி. பேக்கரி வைத்திருந்தான். சர்க்கரை நோய்க்காரன் பேக்கரி நடத்துகிறான் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தினமும் காலையில் ஊசி. சட்டென்று சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள ஒரு டப்பா நிறைய மிட்டாய் பையில் இருக்கும். தொலைவதில் அவனுக்கு ஒரே பெருமை. "நீங்க எத்தன தடவ தொலைச்சாலும் அக்கா என்னைக் கண்டுபிடிச்சிடுவா மாமா" என்பான்.

இனி அந்தப் பெண். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், லீடராக என் வகுப்புக்கு வந்தவள். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. நல்ல பெண். வரைபடத்தை ஒரு தரம் பார்த்தால் போதும், மனதில் நிற்கும். நடைக்கு உதவியாக வந்தபோது பிள்ளைகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாம் வகுப்பிலேயே, "சார், குரலை மட்டும் நம்பி எண்ணலாமா? முகத்தையும் பார்த்துட்டா நல்லதில்லையா?" என்று கேட்டாள். நாணல் வழியில் திரும்பி முகம் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று சொன்னேன். வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா அவளைப் பார்த்தா என்று தெரியவில்லை.

சோதனைக்கு முந்தின வாரம் சங்கச் செயலாளர் தேநீருக்குக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு தேர்ச்சி ஆனதும் வகுப்பையெல்லாம் அதுகிட்ட விட்டுடலாம்னு பாக்குறோம். உங்களுக்கும் முழங்கால் வலி. எவ்வளவு நாள்தான் இழுத்துட்டுத் திரிவீங்க" என்றார். சரி என்றேன். எனக்குக் கோபமில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் தூங்கினேன்.

சோதனை நாளில் நல்ல மூடுபனி. நடக்கச் சங்கத்து ஆட்கள் ஏழு பேர், வாலாக நான், முன்னால் அவள். ஆறாம் எண் ஒரு தையல்கார அம்மா, ஏழாம் எண் மச்சினன். ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தான். பதினோரு மணிக்கு ஐந்தாம் படலுக்கு அப்பால் உட்கார்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. இரண்டாம் படல் தாண்டியதும் தோளைத் தொட்டேன். பையைக் கொடுத்தான்.

"மிட்டாய் டப்பா உள்ள இருக்கு மாமா. எடுத்துக்கவா?"

"பத்து நிமிஷம்தானடா" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, வாய்க்கால் பக்கமாக நாணலை விலக்கிக்கொண்டு போனான். தையல்கார அம்மா திரும்பிப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்தேன். விளையாட்டு ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொண்டு சிரித்தார்.

மூன்றாம் படலில் அவள் எண்ணிக்கை கேட்டாள். பனியில் எனக்கு முன்னால் இரண்டு பேருக்கு மேல் தெரியவில்லை. ஆறு வரை வந்தது. பிறகு, "ஏழு" என்று நான் சொன்னேன். மச்சினன் குரல் கொஞ்சம் கரகரப்பு. அதை வீட்டில் பலமுறை பேசிக்காட்டி என் மனைவியைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதன் பிறகு என் குரலில் "வால்" என்று சொல்லிப் படலைச் சாத்தினேன். தையல்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். குரலை மட்டும் நம்பக் கூடாது என்று சொன்னவள் அவள்தானே. சொன்னபடி செய்கிறாளா என்று பார்ப்பது சோதிப்பவனின் கடமை. பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு சோதனை வைத்ததில்லை என்பது உண்மை. வைக்கிற அளவுக்குக் கெட்டிக்காரர் யாரும் வந்ததில்லை.

நான்காம் படலுக்குப் போகும் வழியில் விசில் கேட்டது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் முன்னால் இருந்தவளுக்குக் கேட்டிருக்காது. ஆபத்து என்றால் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். நான் கற்றுக்கொடுத்ததுதான். முதலில் ஆறு, சரியாக இருந்தது. அடுத்ததும் ஆறு. மூன்றாவதில் நான்குதான் வந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து, நடந்துகொண்டே பேனாவால் குறித்துக்கொண்டேன்: விசில், மணி பத்து பத்து, மூன்றாம் சுற்று குறைவு. அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது.

தையல்கார அம்மா திரும்பி, "விசில் சத்தம் மாதிரி இருந்துச்சே?" என்றார். "அவன் நல்லா நடிப்பான்" என்றேன். நான் சொன்னதை நம்பினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படலிலும் ஏழு என்றேன். அப்போது அவள், "ஏழு, தொண்டை கட்டியிருக்கா? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டாள். "பனிதான்மா" என்று அதே குரலில் சொன்னேன். "சுடுதண்ணி கொண்டு வந்திருக்கேன், உக்காந்ததும் தர்றேன்" என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மச்சினனின் பை தோளில் உறுத்தியது. தோள் மாற்றிப் போட்டேன். உள்ளே டப்பா குலுங்கியது.

ஐந்தாம் படலுக்கு முன் நாணல் முடிந்து மேய்ச்சல் நிலம் வருகிறது. அங்கே அவள் எண்ணிக்கை கேட்கவில்லை. திரும்பி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் என்னிடம் வந்தாள்.

"ஏழு எங்க சார்?"

"நீதான் லீடர்" என்றேன்.

ஓடினாள். நானும் என் முழங்கால் விட்ட அளவுக்குப் பின்னால் போனேன். அவள்தான் கண்டுபிடித்தாள். வாய்க்கால் ஓரத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், குப்புறக் கிடந்தான். விசில் வாயருகே இருந்தது. அவள் அவனைப் புரட்டி, நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்து எல்லாம் செய்தாள். நடுவில் நிமிர்ந்து, "பை எங்க? இவர் பை எங்க?" என்று கத்தினாள். கழற்றிக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்தவள் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாங்கிக்கொள்ள அவனுக்கு உயிர் இல்லை.

பதினாறாம் நாள் அவள் என் வீட்டுக்கு வந்து என் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான்க்கா தொலைச்சேன். மூணு எடத்துல எண்ணினேன், ஏழுன்னு கேட்டுச்சுக்கா" என்றாள். மனைவி அவளைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் என்னைப் பார்த்தாள். அந்தக் கரகரப்புக் குரலை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள். மறுநாள் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உங்களுக்குப் புகார் எழுதியது அவளாகத்தான் இருக்கும்.

அந்தப் பெண் மூன்று என்று சொன்னது தவறு. இரண்டு படலில்தான் நான் குரல் கொடுத்தேன். அதற்கு முந்தைய இரண்டு படலிலும் சொன்னது அவனே. அவள் மேல் வழக்கு என்று கேள்விப்பட்டதும் நானே வந்ததற்கு அதுதான் காரணம். ஆவணத்தில் பிழை இருக்கக் கூடாது. பையை வாங்கியது நான், ஏழு என்றது நான், விசிலைக் கேட்டும் திரும்பாதது நான். மூன்றும் உண்மை. ஆனால் அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் எண்ணவில்லை, அவளைக் கெடுக்கவும் எண்ணவில்லை. நான் நேர்மையாகச் சோதித்தேன்.

அந்தப் படிவத்தைக் காட்டுகிறீர்கள். ஆமாம், என் கையெழுத்துதான். 'தேர்ச்சி இல்லை. காரணம்: குழுவில் ஒருவரைத் தவறவிட்டார்.' மூலையில் இருப்பது எங்கள் வீட்டு டம்ளர் பதிந்த வட்டம்தான். சோதனை நாள் காலை ஆறரை மணிக்குக் காபி கொண்டுவந்து வைக்கும்போதே அதில் இவ்வளவும் எழுதியிருந்தது என்று என் மனைவி சொன்னால், அது சரியாகத்தான் இருக்கும். அவள் பொய் சொல்ல மாட்டாள். அதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை, மேடம். பனியில் நடந்துகொண்டே எழுதினால் பேனா ஓடாது.