இருபத்தெட்டுல வைங்க

யாருக்காவவும் காத்துட்டு நிக்கலண்ணா. கடையில ஆளு இருந்தாங்கன்னு எதிர டீக்கடையில நின்னுட்டிருந்தேன். இப்ப ரெண்டு பேரு போனாங்கல்ல, அதுல ஒருத்தரு வண்டிய எடுக்கும்போது இன்னொருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போனாரு, இந்தக் கடையில பேசுனா பேசுறவனுக்கே கேக்காதுடான்னு. அது காதுல வுழுந்துது. சரின்னு உள்ள வந்துட்டேன்.

கொறையா சொல்லலண்ணா. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு.

பேரா? ஹேமலதா. ஹேமலதாண்ணா. பரவால்ல, எல்லாருமே ரெண்டு தடவ கேப்பாங்க. காலேஜ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பிரசென்ட் மேடம்னு சொல்லுவேன், அவங்களுக்குக் கேக்காது, ஆப்சென்ட் போட்டுருவாங்க. மூணாவது செமஸ்டர்ல அட்டெண்டன்ஸ் பத்தலன்னு வூட்டுக்கு லெட்டரே வந்துச்சி. ஒரு நாள் கூட லீவு போடல நானு. எங்கப்பா காலேஜுக்கு வந்து, டெய்லி டிபன் கட்டிக் குடுத்து பஸ் ஏத்தி வுடுறேன், வரலன்னா அது எங்க போய் ஒக்காந்து சாப்புடுதுன்னு மேடத்துகிட்ட சண்ட போட்டாரு. சிரிக்கிறீங்க. அப்ப எனக்கு அழுகைதான் வந்துது.

ஸ்பீக்கர் காருக்கு இல்லண்ணா, போட்டுக்கு. மீன் புடிக்கிற போட்டு இல்ல. பின்னாடி கயிறு கட்டி, பலகையில ஒருத்தர நிக்க வெச்சி இழுத்துட்டுப் போவாங்கல்ல, அந்த வேக்போர்டு போட்டு. நடுவுல மேல வளைவா ஒரு சட்டம் நிக்கும், டவருன்னு சொல்லுவாங்க. கயிறும் அதுலதான், ஸ்பீக்கரும் அதுலதான். ஓ, உங்களுக்குத் தெரியுமா. ஏற்கெனவே ஒன்னு மாட்டியிருக்கீங்களா. அப்ப நான் வெளக்க வேணாம்.

ஆமா, பின்னாடி பாத்த மாதிரிதான் மாட்டணும். பலகையில வர்றவரு இருபது மீட்டர் தள்ளி வர்றாரு, அவருக்குப் பாட்டு கேக்கணும். ஆனா அத நான் கேக்கலண்ணா. பின்னாடி எவ்ளோ தூரம் போவுதுன்றது எனக்கு வேணாம். உப்புக் காத்துக்குத் தாங்குமான்றதும் வேணாம். ஸ்டியரிங்ல ஒக்காந்திருக்கறவருக்கு இன்னா கேக்கும், இன்னா கேக்காது, அது மட்டும் தெரியணும்.

யாரும் கேட்டதில்லையா? யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

ஒரு ஒதவி பண்ணுங்கண்ணா, இப்ப கடையில யாரும் இல்லல்ல, சாப்பாட்டு நேரம். நீங்க இந்த ஸ்டூல்ல சொவரப் பாத்த மாதிரி ஒக்காருங்க. அதான் ஸ்டியரிங். ஸ்பீக்கர அந்தக் கம்பியில உங்க தலைக்கு மேல, வாசலப் பாத்த மாதிரி மாட்டுங்க. நான் உங்களுக்குப் பின்னாடி ரெண்டு எட்டு தள்ளி, முதுகக் காட்டிட்டு ஒக்காருவேன். போட்டுலயும் அப்படித்தான். ஓட்றவரு முன்னாடி பாத்து இருப்பாரு, நான் பின்னாடி பாத்து இருப்பேன். நான் ஒன்னு சொல்லுவேன், கேட்டா கையத் தூக்குங்க.

பென் டிரைவ் கொண்டாந்திருக்கேன். ஒரே பாட்டுதான் இருக்கு. ரெண்டாவது சரணத்துலருந்து போடுங்க. சவுண்டு இருபத்தெட்டுல வைங்க. தெரியும்ணா, கண்ணாடியெல்லாம் அதிரும். ஒரு நிமிஷம் முப்பத்தெட்டு செகண்டுதான், அப்புறம் பாட்டே முடிஞ்சிரும்.

கேட்டுதா? கேக்கலையா. சரி. இது ஆறரை இஞ்சு, மொத மாடல். கேக்கலன்னு எழுதிக்கிறேன்.

இன்னா சொன்னேனா? சார் நிறுத்துங்கன்னு சொன்னேன். சும்மா, ஒரு வார்த்தைக்கு.

அடுத்தத மாட்டுங்க. வேலையா? நான் அந்தப் போட்டுல அப்சர்வருங்க. தவளக்குப்பத்துலருந்து ஆத்துப் பக்கம் உள்ள போனா ஒரு ரிசார்ட்டு. பலகையில வர்றவர கண்ண எடுக்காம பாத்துட்டே இருக்கணும். வுழுந்துட்டா ஓட்றவருக்குச் சொல்லணும், ஆரஞ்சுக் கொடியத் தூக்கணும். அவ்ளோதான் வேல. பி.காம் படிச்சிட்டு இதுக்கான்னு எங்கம்மா கேட்டாங்க. எனக்குப் புடிச்சிருந்துதுண்ணா. பேச வேணாம், பாத்தா போதும். எனக்கு அது ஒன்னுதான் நல்லா வரும். இன்டர்வியூல கூட மொதலாளி அதான் சொன்னாரு, வாயாடற பொண்ணு வேணாம், கெஸ்ட்டுங்களுக்குப் புடிக்காதுன்னு.

போடுங்க. அதே எடத்துலருந்து.

இதுவும் கேக்கலையா. எட்டு இஞ்சு, சாதா. கேக்கல.

மூணாவது, அந்த ஹார்ன் வெச்சது. நீலமா வளையம் எரியுமே, அது. அதுதாண்ணா வேணும் எனக்கு. மத்த ரெண்டும் சும்மாதான் பாத்தேன்.

இன்னாண்ணா, அப்படிப் பாக்குறீங்க.

ஆமா. தியரி சார் போட்டுதான். ஜனவரியில நீங்க மாட்டுனதுதான். பேப்பர்ல பாத்தீங்களா? பேப்பர்ல எம்பேரு போடல, உடன் இருந்த பெண் ஊழியர்னு போட்டிருந்தாங்க. அது நான்தான்.

உங்கமேல ஒன்னும் தப்பு இல்லண்ணா, பயப்படாதீங்க. அதுக்கு வரல. மொதல்ல இதப் போட்டுரலாம், அப்புறம் சொல்றேன். ஒக்காருங்க. சொவரப் பாருங்க.

கேக்கல. நல்லாப் பாத்தீங்களா? கேக்கவே இல்லையே? சரி. சரிண்ணா.

தண்ணி வேணாம், வெச்சிருக்கேன்.

தியரி சார உங்களுக்குத் தெரியும்ல. அவங்கப்பா சொல்தா, பிரான்ஸ் பட்டாளத்துல இருந்தவரு, பென்ஷன் வாங்கி வாங்கி ஆத்தோரம் எடம் போட்டாரு. இவரு அங்கயே பொறந்து வளந்து இப்பத்தான் வந்தாரு. எங்க மொதலாளி, போட்ட ஓட்றதும் அவருதான். கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஸ்பீக்கர் மாட்டுன மொத வாரம் ஒரு கெஸ்ட்டு வுழுந்தாரு. நான் கத்துனேன், நெஜமாவே கத்துனேன். சார் பதறிப் போயி பாட்ட நிறுத்திட்டாரு. பாத்தா அவரு வேணும்னே குதிச்சிருக்காரு, வீடியோவுக்கு. வீடியோ போச்சுன்னு அவங்க கோவம். சார் எல்லார் முன்னாடியும் எங்குரல்ல பேசிக் காட்டுனாரு, எலி வால மிதிச்ச மாதிரின்னு. எல்லாரும் சிரிச்சாங்க. கூட வேல செய்யிற சிலம்பரசனும் சிரிச்சாரு. இனிமே கத்தாதம்மா, கொடி போதும், நான் கண்ணாடியில பாத்துக்குவேன்னு சார் சொன்னாரு. அந்தக் கண்ணாடியில சாயங்காலம் ஆச்சுன்னா உங்க நீல வளையம் நாலும்தான் தெரியும். நான் ஒக்காந்து பாத்திருக்கேன். அவருகிட்ட சொல்லல.

சிலம்பரசன் வீராம்பட்டினம். கடல்ல வளந்தவரு. கெஸ்ட்டுங்களுக்கு முன்னாடி பலகையில நின்னு காட்டறது அவரு வேல. குட்டிக்கரணம்லாம் போடுவாரு. எங்கிட்ட வந்து, நீ பாத்தியா நீ பாத்தியான்னு கேப்பாரு. பாத்தேன்னு தலையாட்டுவேன்.

அன்னிக்கு மணி ஆறு இருக்கும். இந்தப் பாட்டுதான். ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது வுழுந்தாரு. அவரு வுழறது புதுசில்ல. ஆனா கயிறு தளந்து கையில சுத்திக்கிச்சி. போட்டு போவுது, கயிறு இறுவுது. ஜாக்கெட் போட்டா மெதக்கணும்ல. மெதக்க வுடல. மொகம் தண்ணிக்குள்ள இருந்த மாதிரியே இழுத்துட்டு வந்துது. கூட வந்த கெஸ்ட்டு நாலு பேரும் முன்னாடி ஒக்காந்து போன்ல அவங்களயே படம் புடிச்சிட்டிருந்தாங்க. பின்னாடி பாத்தது நான் ஒருத்திதான்.

பாட்டு முடிஞ்சப்புறம்தான் சார் திரும்புனாரு. அடுத்த பாட்டு இன்னா போடலாம்னு கேக்கத் திரும்புனாரு.

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க, ஸ்டேட்மென்ட் குடுக்க. சார் குடுத்துட்டாரு. அந்தப் பொண்ணு சத்தமே போடல, போட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்னு குடுத்திருக்காரு. எங்கப்பா, கத்துனேன்னு சொல்லு, ஸ்பீக்கர் சத்தத்துல அவருக்குக் கேக்கல, அவ்ளோதான், வேற ஒரு வார்த்த பேசாதன்றாரு. எம்பொண்ணு வாயத் தொறந்தாலே யாருக்கும் கேக்காது, காலேஜ் லெட்டரே இருக்குன்னு அத வேற பீரோவுலருந்து எடுத்து வெச்சிருக்காரு.

ஆனா அது இல்லண்ணா. சிலம்பரசனோட அம்மா இருக்காங்க, கமலவேணின்னு. மீன் விக்கிறவங்க. நாங்க இருக்கற முதலியார்பேட்டைக்கு அவங்கதான் வருவாங்க, சின்ன வயசுலருந்து பாக்குறேன். மொத தெருவுல கூவுனாங்கன்னா மூணாவது தெருவுல பாத்திரத்த எடுத்துட்டு வருவாங்க, அப்படி ஒரு குரலு. காரியம் முடிஞ்ச மறுநாள்லருந்து கூடையத் தூக்கிட்டு வர்றாங்க. கூவறதில்ல. எங்க வூட்டு கேட்டாண்ட வந்து நிப்பாங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் நிப்பாங்க. ஒரே ஒரு கேள்விதான்.

கூப்ட்டியாம்மா?

அவ்ளோதான் கேப்பாங்க. எங்குரலு மாதிரி சின்னக் குரல்ல கேப்பாங்க. நான் தலையாட்டுவேன். போயிருவாங்க. மறுநாள் திரும்ப வருவாங்க. இன்னிக்குக் காலைல வந்து கேட்டாங்க, தலையாட்டுனேன், போவல. எம்புள்ள பேரச் சொல்லியா கூப்ட்டன்னாங்க. எங்கம்மா வந்து என்ன உள்ள இழுத்துட்டாங்க.

அதாண்ணா நேரா இங்க வந்தேன். உங்க கடை பில்லுல, இந்த மாடலு, இருபத்தெட்டுல வெச்சி, ரெண்டு எட்டு தள்ளி இருந்து சத்தம் போட்டா முன்னாடி இருக்கறவருக்குக் கேக்கலன்னு எழுதி சீல் வெச்சிக் குடுங்க. நீங்க பாத்ததுதான எழுதப் போறீங்க. பொய் இல்லல்ல.

எழுதுங்க. ராஜவேல்னு முழுப் பேரா கையெழுத்துப் போடுங்க.

ஏன்ணா, சீல எடுத்துட்டு வெக்காம வெச்சிருக்கீங்க.

கத்துனேனே. மூணு தடவயும் கத்துனேன். சும்மா சொல்லியிருப்பேன், கத்தியிருக்க மாட்டேன்னா எப்படிண்ணா. எங்குரலே அவ்ளோதான்.

வேணாம்ணா. எத்தினி தடவதான் போடறது, பக்கத்துக் கடைக்காரங்க ஏதாவது சொல்லப் போறாங்க. மூணு தடவ பாத்தாச்சி.

உங்க கடை பேருல குடுக்கறீங்க, புரியுது. ஒரு உசுரு போன விஷயம், புரியுது. நான் வேணாம்னா நீங்க சீல் வெக்க மாட்டீங்க, அப்படித்தான.

சரி. போடுங்க. அதே எடத்துலருந்துதான்.

இல்ல, பேர் சொல்லிக் கூப்புடறேன். அவங்க அப்படித்தான கேட்டாங்க. நீங்க சொவரப் பாருங்க.

...

ஏன்ணா எழுந்துட்டீங்க.

பாட்ட நிறுத்திருங்க. எதிர டீக்கடைக்காரரு ரோட்டுக்கே வந்துட்டாரு பாருங்க. ஒன்னும் இல்லைங்க! ஸ்பீக்கர் பாக்குறோம், ஸ்பீக்கர். இப்ப அவருக்குக் கூடக் கேக்குது எங்குரலு.

தண்ணி குடுங்கண்ணா. தொண்ட எரியுது.

நான் உங்ககிட்ட ஒன்ன மறைச்சிட்டேன். அந்த வண்டிக்காரரு சொன்னத முழுசா சொல்லல. பேசுறவனுக்கே கேக்காதுடான்னு சொன்னாருல்ல, அதோட, ராஜவேலுக்கு ஒரு காது சுத்தமா போச்சி, இன்னொன்னும் பாதிதான்னு சொன்னாரு. நீங்க அவங்ககிட்ட எடது காதத் திருப்பித் திருப்பிப் பேசறத டீக்கடையிலருந்தே பாத்துட்டேன். அதாலதான் தைரியமா உள்ள வந்தேன். மன்னிச்சிருங்க. உங்களுக்கே கேட்டுருச்சி.

கிழிக்காதீங்க. அதையும் வெச்சிக்குங்க, உண்மதான. கீழ நாலாவதா ஒரு வரி எழுதுங்க. கேட்டதுன்னு. இருபத்தெட்டுலயே கேட்டதுன்னு. தேதி போட்டு சீல் வெச்சிக் குடுங்க. நாளைக்குக் கொண்டு போவணும். அதுக்கு முன்னாடி வீராம்பட்டினம் போவணும், அவங்க கூடையத் தூக்கறதுக்குள்ள.

சிலம்பு. அவங்கம்மா கூப்புடற பேரு அது. நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டது இன்னிக்குதாண்ணா.

அன்னிக்கா?

அன்னிக்குக் கொடியத் தூக்குனேன். பாட்டு முடியிற வரைக்கும் கைய எறக்கவே இல்ல.