காது அண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்டது

மேடையில் வீற்றிருக்கும் ஸ்டூடியோ முதலாளி அவர்களே! நிர்வாகி அவர்களே! முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! வாத்தியங்களை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கும் என் தோழர்களே! இந்த வயலின்காரனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் நம் தலைமை ஒலிப்பதிவாளரை வாயாரப் புகழ்ந்தார்கள். மேதை என்றார்கள், சிகரம் என்றார்கள். நிர்வாகி அவர்கள் கண்ணீரே விட்டார். அண்ணன் உயிரோடு இருந்தபோது இந்தப் புகழ்ச்சியெல்லாம் எங்கே போயிருந்தது?

அவரைக் காது அண்ணன் என்று ஏன் அழைத்தோம்? முப்பத்தெட்டு பேர் ஒன்றாக வாசிக்கும்போது ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார்: "மூணாவது வரிசைல யாரோ செருப்பைத் தேய்க்கிறாங்க. கழட்டி வெச்சிடுப்பா." பார்த்தால் நான்தான்! பதிவுக்கு முன் ஒவ்வொரு நாற்காலியிலும் தானே உட்கார்ந்து, ஒருமுறை கைதட்டிக் கேட்டுப் பார்ப்பார். கிண்டல் செய்தால், "நீங்க உக்காரப் போற இடம், எனக்குத் தெரிய வேணாமா?" என்பார்.

நம் பழைய கூடத்தைப் படங்களின் பின்னணி இசைக்கும், தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் ஒலி சூழ்ந்து கேட்கும் புதுமுறைக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னவர் யார்? அவர்தான்! கூரையில் ஸ்பீக்கர் தொங்க வேண்டிய இடங்களைக் கயிறு கட்டி அளந்தவர் யார்? அவர்தான்! "உள்சுவர் வெளிச்சுவரைத் தொடவே கூடாது, தொட்டா வெளிச் சத்தம் உள்ள வந்துடும், நடுவுல ரப்பர் மட்டும்தான்" என்று படித்துப் படித்துச் சொன்னார். ஸ்பீக்கர்களைத் தேர்ந்தெடுக்க நான்கு நாள் வெளியூர் போனார். அந்த நான்கு நாளில் சுவர் எழும்பி, அதன்மேல் துணியும் ஒட்டியாகிவிட்டது. திறப்புவிழாவுக்கு அவ்வளவு அவசரம்!

முதல் படம் வந்தது. மெல்லிய சோகக் காட்சிக்கு வாசித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் நிறுத்தினார். "லிஃப்ட் சத்தம் உள்ள வருது. சுவர் எங்கயோ தொடுது. பிரிச்சுப் பாக்கணும்."

"புதுச் சுவரைப் பிரிச்சா ஊரே சிரிக்கும் சார். உங்களுக்குத்தான் ஏதோ கேக்குது" என்றார் நிர்வாகி.

பிறகு என்ன செய்தார்கள்? காது அண்ணனைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள்! வயதானால் யாருக்கும் குறைவதுபோல், கீச்சென்ற உச்சச் சத்தங்களைக் கேட்கும் திறன் அவருக்கும் கொஞ்சம் குறைந்திருந்தது. லிஃப்டின் உறுமல் கனத்த அடிச்சத்தம் அல்லவா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவில்லை. செவித்திறன் குறைவால் ஓய்வு என்று கடிதம் கொடுத்தார்கள். அதன் நகலை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு எந்த ஸ்டூடியோ அவரைக் கூப்பிடும்? ஏழு மாதம் வீட்டிலேயே கிடந்து போய்விட்டார். அண்ணி என்னிடம் சொன்னார்: "யார் பேசினாலும், 'சத்தமா பேசாதீங்க, எனக்குக் கேக்குது'ன்னு சொல்லிட்டே இருந்தாருப்பா."

போன வாரம் லிஃப்ட் பழுதாகி இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளும் கூடத்தில் உறுமல் இல்லை. துணியைக் கிழித்துப் பார்த்தோம். ஆடிய சுவரை நிறுத்துவதற்காக, வெளிச்சுவர்வரை முடுக்கிய பதினான்கு நீள ஸ்க்ரூக்கள்! முதலாளி அவர்களும் நேரில் வந்து பார்த்தார். இன்று அந்தக் கூடத்துக்கு அண்ணன் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்திருக்கிறார். ஐயா, பெயர்ப்பலகையையும் அதே சுவரில்தான் அடிப்பீர்களா? பெயர் வேண்டாம். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். இந்த மேடையிலேயே, அண்ணியின் முன்னிலையில் சொல்லுங்கள்.

கைதட்டாதீர்கள் தோழர்களே! யாரும் கைதட்ட வேண்டாம். அண்ணனைப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன் நிர்வாகி நம்மிடம் ஒரு தாள் நீட்டினார், நினைவிருக்கிறதா? எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று எழுதிய தாள். வேலை நடந்த எட்டு மாதமும் வாசிக்க இடமில்லாமல் தவித்தவர்கள் நாம். மறுபடியும் கூடத்தை மூடிவிட்டால் என்ன செய்வது? முப்பத்தெட்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

அன்று அண்ணன் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ சொல்லுடா. உனக்குக் கேக்குதா, இல்லையா?"

"இல்லண்ணே" என்றேன்.

பரிசோதனைக்கு அவர் மறுபேச்சில்லாமல் போனது நிர்வாகி சொன்னதற்காக அல்ல. நான் சொன்னதை நம்பித்தான் போனார்.

அவர் விட்டுப்போன வேலையை முடிப்போம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் உறுதி சொன்னார்கள். அந்த வேலை எது? அந்தச் சுவரைப் பிரிப்பது! பதினான்கு ஸ்க்ரூவும் வெளியே வரும்வரை, கடிதம் திரும்பும்வரை, அந்தக் கூடத்தில் நான் வில்லைத் தொடமாட்டேன். வருகிறவர்கள் வாருங்கள். வராவிட்டாலும் வருத்தமில்லை, பயம் என்னவென்று எனக்குத் தெரியும்.

அண்ணி, இதை உங்கள் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனேன். அந்தச் சத்தம் அன்று எனக்கும் கேட்டது.