கழுவாத காசு

இறால் வாங்குவதென்றால் நான் ரத்னாவிடம்தான் வாங்குவேன், ஐயா. பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிடுவார். பேரம் பேச விடமாட்டார், ஆனால் நாறிய சரக்கை ஒருநாளும் என் தலையில் கட்டியதில்லை.

சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் தகடுகளின் மேற்பரப்பைச் சோதிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்காசுகளைச் சோதிப்பேன். அது தெரிந்துதான் ரத்னா ஒரு செப்புக்காசைக் கொண்டுவந்தார். அவர் கணவர் குப்பன் ஏரிச் சேற்றில் இறாலுக்குத் துழாவியபோது காசுகளோடு ஒரு கலயம் அகப்பட்டதாம். டச்சுக்காரர் காலத்துக் காசு. லென்ஸை வைத்ததுமே தெரிந்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். முந்நூறு வருஷமாக ஏறிய பழுப்புத் தோல் உரிந்து, செம்பு பச்சைப் புண்ணாகச் சிவந்திருந்தது. தேய்த்த காசுக்கு மறுபடி நிறமேற்றி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. எழுத்தின் இடுக்கைப் பார்த்தே ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். போன தோல் போனதுதான்.

மீதி முப்பது காசும் அவர்கள் வீட்டில் கழுவாமல் இருந்தன. போய்ப் பார்த்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கொடுத்துவிடும்படி குப்பனைக் கெஞ்சினேன்.

"இல்ல நைனா, கங்கையம்மனுக்கு வேண்டிக்கினோம். தேச்சி, ஓட்ட போட்டு மாலையா கோக்கணும். ஆத்தாளுக்கு அழுக்கா போட முடியுமா இன்னா?" என்றார். நல்ல மனிதர்.

யோசித்தேன். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்குக் கோயில் காரியம் எதுவும் செய்யமாட்டார்கள். அதற்குள் பேசிப் பேசி மனசை மாற்றிவிடலாம். கலயம் கிடைத்த இடத்தைப் பார்க்க ஆசை என்றேன். மறுநாள் காலை படகில் கூட்டிப்போனார். குனிந்து இடத்தைக் காட்டும்போது துடுப்பால் பின்மண்டையில் அடித்தேன். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. படகு கவிழ்ந்தது என்று சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். நானாவது பிழைத்தேனே என்று ரத்னா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. கருமாதிக்கு முதல்நாள் சாவு வீட்டைக் கழுவுவார்கள். பழம் வாங்கிக்கொண்டு போனேன். உறவுக்காரர்கள் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். கிணற்றடியில் குடம், குத்துவிளக்கோடு காசுகளையும் பரப்பிவைத்து, ரத்னா புளியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தீட்டு ஊடு சார், அல்லாத்தையும் கழுவினாத்தான் மனசு ஆறும். குந்துங்க, டீ போட்டு எடுத்தாறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் கீது" என்றார்.

நீங்கள் குப்பனைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், ஐயா. புருஷன் போன ஏக்கத்தில் ரத்னா கிணற்றில் விழுந்தார் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. முப்பதில் ஒரு காசு இன்னும் கழுவாமல் இருந்தது, அவர் அதற்குக் கை நீட்டினார்.